கணையக் குழாயில் சீழ்: செய்யக்கூடாத தவறுகள்

பல வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறையே பயிற்சி மருத்துவர்கள் இப்போது செய்வதை ரவுண்ட்ஸில் பார்க்கிறேன். கணையக் குழாய்க்குள் மட்டும் சீழ் பிடிப்பது அபூர்வம். பெரும்பாலும் நாள்பட்ட கணைய அழற்சியில் கல்லோ சுருக்கமோ குழாயை அடைத்தவர்களுக்கு வரும், இ.ஆர்.சி.பி. (வாய்வழியாக எண்டோஸ்கோப் விட்டு, பித்த, கணையக் குழாய்களில் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்துச் செய்யும் சிகிச்சை) செய்தபின்னும் வரலாம்.

"கட்டி இல்லை, அதனால் சீழ் இல்லை"

இதைக் கேட்டால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். மண்டபம் பக்கத்து மீனவர் ஒருவர், ஏற்கெனவே கணையத்தில் கல் உள்ளவர், குளிர்நடுக்கத்தோடு வந்தார். வலி முதுகுக்குப் பாய, தலையணையை வயிற்றோடு அணைத்துக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். சி.டி.யில் குழாய் விரிந்திருந்தது, கல் தெரிந்தது, சீழ்க்கட்டி இல்லை. பழைய வலி திரும்பியிருக்கிறது என்று எழுதி, சலைனும் ஆண்டிபயாடிக்கும் போட்டேன். காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றினேன்.

"மருந்துதான் மாறுது, காய்ச்சல் மாறலையே டாக்டர்" என்றார் அவர் மனைவி.

ஐந்தாம் நாள் ரத்த அழுத்தம் விழுந்த பிறகுதான் மதுரைக்கு அனுப்பினேன். அங்கே குழாய்க்குள் கம்பி நுழைந்ததுமே கெட்டியான மஞ்சள் சீழ் வழிந்திருக்கிறது. சீழ் வடிய ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்த மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அந்த ஐந்து நாள் வேதனையும் என்னால் வந்தது.

விரிந்த குழாய்க்குள் இருப்பது கணைய நீரா, சீழா என்று ஸ்கேன் பெரும்பாலும் பிரித்துக் காட்டாது. அடைபட்ட குழாய்க்குள் மருந்தும் போதிய அளவு போய்ச் சேராது. சீழுக்கு வழி விட்டே ஆக வேண்டும். குழாயில் கல், விரிவு, கூடவே காய்ச்சல். பித்தக்குழாய் உட்பட வேறெங்கும் காரணம் கிடைக்கவில்லை. அப்படியென்றால் இ.ஆர்.சி.பி. வசதி உள்ள இடத்துக்கு அன்றே போன் போடுங்கள்.

அமைலேஸை நம்பி உட்காருவது

நாள்பட்ட நோயில் கணைய நொதிகளான அமைலேஸ், லைபேஸ் ரத்தத்தில் ஏறாமலே இருக்கலாம்.

சாயத்தை அழுத்திச் செலுத்துவது

இ.ஆர்.சி.பி.யில் சாயத்தை அழுத்தினால் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். முதலில் சீழை உறிஞ்சி, என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புங்கள். அப்புறம் சாயம், அதுவும் கொஞ்சமாக.

கல்லை அன்றே உடைப்பது

வேண்டாம். முதலில் வடியட்டும்.

ஸ்டென்ட்டை மறப்பது

ஸ்டென்ட் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். மறந்தால் சீழ் திரும்பும். எங்கள் கடற்கரையில் வலி விட்டதும் மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய்விடுவார்கள். அதனால் திரும்பி வரவேண்டிய தேதியை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டின் தலையில் சிவப்பு மையில் எழுதுங்கள். மண்டபத்து அம்மா அந்தச் சீட்டை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். சொன்ன தேதிக்கு முந்தின நாளே கணவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.