பழைய ஜேட் பதக்கத்தில் முதலில் துளையைப் பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய சீன ஜேட் (பெரும்பாலும் பச்சையான ஒரு கடினக் கல்) பதக்கம் சிங் வம்சக் காலத்தது (1644–1912) என்றார் கடைக்காரர். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கயிறு கோக்கும் துளை ஒரே அகலத்தில், வழவழவென்று நேராக இருந்தது. சரி, பணம் போச்சு.

அந்தக் காலத்தில் ஜேடை உளியால் செதுக்கவில்லை. ஈர மணல் போட்டுத் தேய்த்தே வடித்தார்கள். துளையைப் பெரும்பாலும் இரு பக்கமிருந்தும் குடைவார்கள். அதனால் வாய் அகன்று, நடுவில் குறுகி, சில சமயம் சின்னப் படி தெரியும்.

அப்புறம் எடை. சமையலறைத் தராசு போதாது, நகைத் தராசு வேண்டும். பதக்கத்தை நூலில் கட்டி நீரில் முழுக்கி, குறையும் எடையால் அசல் எடையை வகுங்கள். ஜேட் என்ற பெயரில் இரண்டு கற்கள் உண்டு: நெஃப்ரைட் என்றால் 2.95-ஐ ஒட்டி வரும், ஜேடைட் 3.3. ஜேட் போலத் தெரிந்து அதிகம் ஏமாற்றும் வேறு கல்லான செர்பென்டைன் 2.6 பக்கம்தான் நிற்கும்.

பளிச்சென்ற பச்சை ஜேடைட் பர்மாவிலிருந்து சீனாவுக்குப் பெருமளவில் வந்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். அதைக் காட்டி "ஹான் காலம்" (சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சீன வம்சம்) என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எனக்குப் பிடித்தது வௌவால் பதக்கம். சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி, 'ஃபூ'.