மொழி வகுப்போடு ஐரோப்பா போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சோ ஜெர்மனோ ஸ்பானிஷோ ஓரிரு வருடம் படித்த வகுப்பு ஒன்று, அந்த மொழி பேசும் ஊர்களைப் பார்க்கச் சேர்ந்து கிளம்புகிறது. திரும்பி வரும்போது போனில் படங்கள் நிறைந்திருக்கும். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் சொந்தமாகப் பேசிய வாக்கியங்களை எண்ணினால் விரல்களுக்குள் அடங்கிவிடும். இதற்கு மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான பயணத் திட்டங்களில் பேசுவதற்கு நேரமே ஒதுக்கப்படுவதில்லை. விசா, விமானம், தங்குமிடம் என்று இவ்வளவு செலவழித்துப் போகிறவர்களுக்கு இது நேரக் கூடாது.

எல்லாவற்றையும் கெடுக்கும் முதல் தவறு, கூட்டத்தைக் கலைக்காமலே நாள் முழுக்கச் சுற்றுவது. இருபது பேர் சேர்ந்து நடந்தால் பேச்சு தாய்மொழியில்தான் ஓடும். டிக்கெட் கவுண்டர் வந்ததும் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரை எல்லோரும் முன்னால் தள்ளுவார்கள். அவர் இருபது டிக்கெட்டையும் வாங்கிவிடுவார். அடுத்த நாளும் அவரே வாங்குவார். மீதிப் பேர் வாய் திறக்காமலே ஊர் திரும்பிவிடுவார்கள். கடைக்காரரும் ஒரு பட்டாளம் உள்ளே வருவதைப் பார்த்ததும் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்.

பெரிய கூட்டங்களை ஊர்களே இப்போது விரும்புவதில்லை. ஆம்ஸ்டர்டாமின் மையப் பகுதியில் வழிகாட்டியோடு போகும் குழுவில் 15 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வெனிஸில் 2024 முதல் 25 பேர்தான் உச்சவரம்பு. வழிகாட்டிகள் ஒலிபெருக்கி வைத்துப் பேசவும் தடை. ஆகவே எப்படியும் பிரிய வேண்டியதுதான். அதை நமக்குப் பயன்படும் வகையில் செய்யலாமே.

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். நன்றாகப் பேசுகிறவர்கள் ஒரே குழுவில் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் முதலில் பேச வேண்டியவர் குழுவில் குறைவாகப் பேசத் தெரிந்தவர். மற்றவர்கள் பக்கத்தில் நிற்கலாம். அவராகத் திரும்பிப் பார்த்து உதவி கேட்டால் மட்டும் சொல்லலாம். இந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பயணத்தின் போக்கு மாறிவிடும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலையும் கொடுங்கள். யாரிடமும் பேசாமல் முடிக்கவே முடியாத வேலையாக அது இருக்க வேண்டும். "தேவாலயத்தைப் படம் எடுத்து வாருங்கள்" என்றால் அதற்கு வாய் தேவையில்லை. வியன்னாவின் நாஷ்மார்க்ட் சந்தையில் காரம் குறைந்த பாலாடைக்கட்டி எது என்று கேட்டு நூறு கிராம் வாங்கி வரச் சொல்லுங்கள். பாரிஸில் ரூ மூஃப்தார் தெருக் கடைகளில் இன்றே சாப்பிடும் பதத்தில் உள்ள பழத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: கேட்டால் வாங்க வேண்டும். பிழைப்புக்காகக் கடை போட்டிருப்பவரை நம் பயிற்சிக்காக மட்டும் நிறுத்திவைப்பது நியாயம் இல்லை. கூட்டம் அலைமோதும் நேரத்தில் போகாமல் இருப்பதும் அவருக்குக் காட்டும் மரியாதை.

இதையெல்லாம் ஒரே நொடியில் வீணாக்கக்கூடியவர் ஆசிரியர்தான். தயங்கித் தயங்கி ஒருவர் ரொட்டி கேட்கிறார். கடைக்காரர் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுக்கிறார். பின்னால் நிற்கும் ஆசிரியர், "அந்தச் சொல் ஆண்பால், பெண்பால் இல்லை" என்று எல்லோர் முன்னாலும் திருத்துகிறார். அந்த மாணவர் அதன்பிறகு பேச மாட்டார். ரொட்டி கைக்கு வந்துவிட்டது என்றால் அந்த வாக்கியம் தன் வேலையைச் செய்துவிட்டது. திருத்தத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, யார் செய்த பிழை என்று சொல்லாமல் வகுப்பில் பிறகு எடுத்துப் பேசலாம். கூச்ச சுபாவம் உள்ளவர்களை வைத்துத்தான் இந்தப் பயணத்தை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நன்றாகப் பேசுகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் பேசிக்கொள்வார்.

எந்த ஊர், எத்தனை ஊர்

எட்டு நாளில் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், ப்ராக் என்று அட்டவணை போடுகிறார்கள். சுற்றுலாவாக அதில் தவறில்லை. ஆனால் பிரெஞ்சு படிப்பவருக்கு அதில் பிரெஞ்சு கிடைப்பது மூன்று நாள்கூட இருக்காது. மீதி நேரம் ரயிலிலும் பெட்டி கட்டுவதிலும் போகும். ஓர் ஊரில் நான்கு இரவாவது தங்க வேண்டும். காரணம் எளிது. ஒரு சிறு காபிக் கடைக்கு முதல் நாள் போனால் "ஒரு காபி, நன்றி" என்பதோடு பேச்சு முடியும். மூன்றாம் நாள் போகும்போது அவர்களே முகம் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்கள்: எங்கிருந்து வந்தீர்கள், என்ன பார்த்தீர்கள், நேற்று மழையில் மாட்டிக்கொண்டீர்களா? படித்த மொழிக்கு அங்கேதான் உயிர் வருகிறது.

தலைநகரங்களை மட்டும் நம்பவும் வேண்டாம். ஆம்ஸ்டர்டாமிலும் பெர்லினின் நடுப்பகுதியிலும் நீங்கள் தடுமாறினாலே பதில் ஆங்கிலத்தில் வந்துவிடும். பாரிஸில் இரண்டு நாள் இருந்துவிட்டு லியோன், தூர் போன்ற பிரெஞ்சு நகரங்களுக்குப் போகலாம். ஜெர்மனுக்கு லைப்ஸிக், ஸ்பானிஷுக்குச் சலமான்கா நல்ல தேர்வு. இத்தாலியன் படிப்பவர்களுக்குப் பெருஜியாவும் சியனாவும் இருக்கின்றன. இரண்டிலும் வெளிநாட்டவருக்கென்றே பல்கலைக்கழகம் இருப்பதால் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவர்களை ஊருக்குப் பழக்கம் உண்டு.

அப்புறம், அந்த ஊரில் உண்மையில் எந்த மொழி புழங்குகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார்சிலோனாவில் ஸ்பானிஷ் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பலகைகளில் அந்தப் பகுதியின் சொந்த மொழியான கட்டலான் முன்னால் நிற்கும். சூரிச்சில் மக்கள் தங்களுக்குள் பேசும் ஸ்விஸ் ஜெர்மன், வகுப்பில் படித்த ஜெர்மனைப் போலவே இருக்காது. கேட்டுக்கொண்டால் பொது ஜெர்மனுக்கு மாறிப் பேசுவார்கள். பெல்ஜியத்தில் ரயில் ஏறும்போது இன்னும் கவனம் தேவை. டச்சு பேசும் பிளெமிஷ் பகுதி நிலையப் பலகையில் லியேஜ் நகரம் 'லய்க்' என்றும், பிரான்ஸின் லீல் 'ரைசல்' என்றும்தான் இருக்கும். இத்தாலிய நிலையத்தில் 'மொனாக்கோ' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ம்யூனிக். இது தெரியாமல் மூன்று பேர் கொண்ட குழுவைத் தனியாக அனுப்பக் கூடாது.

அருங்காட்சியகமும் வழிகாட்டியும்

ஏ2 நிலையில் (எளிய அன்றாடப் பேச்சு மட்டும் தெரிந்த, பி1-க்கு ஒரு படி கீழே உள்ள நிலை) இருக்கும் வகுப்பை ஜெர்மன் மொழியிலேயே இரண்டு மணி நேர வழிகாட்டிச் சுற்றுக்கு அழைத்துப் போவது பெரிய தவறு, அடிக்கடி நடக்கும் தவறும்கூட. பயணத்தில் வரும் பெரும்பாலான சூழல்களைச் சமாளிப்பதே பி1 நிலைக்குரிய திறன் என்கிறது ஐரோப்பிய மொழித் தர அளவுகோல். அப்படியிருக்க, எதிரொலிக்கும் தேவாலயத்துக்குள் மன்னர் பரம்பரையும் கட்டடக்கலைச் சொற்களும் வேகமாக வந்து விழுந்தால் ஏ2 மாணவர் என்ன செய்வார்? கொஞ்ச நேரத்தில் கவனம் போய்விடும், தன்னம்பிக்கையும் கூடவே போய்விடும். வரலாற்றை முந்தின நாளே தாய்மொழியில் படித்துவிட்டு, வரப்போகும் சொற்களையும் பழகிக்கொண்டு, ஒரு மணி நேரச் சுற்றுக்குப் போனால் பாதியாவது காதில் ஏறும்.

அதைவிட எனக்குப் பிடித்த முறை, ஒரே ஓவியத்தின் முன்னால் நின்று பேசுவது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' இருக்கிறது. நடுவில் சிறுமியான இளவரசி, பக்கத்தில் தோழிகள், கீழே படுத்திருக்கும் நாய், பின்சுவர்க் கண்ணாடியில் அரசனும் அரசியும், கதவருகே படியில் நிற்கும் ஒரு மனிதர், இடப்பக்கம் ஓவியரே. யார் எங்கே நிற்கிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்று சொல்ல நிகழ்காலமும் சில இடச் சொற்களும் போதும். ஏ2 மாணவருக்கு அவை தெரியும். அங்கே படம் எடுக்கத் தடை என்பதால் கையில் போனும் இருக்காது. மாலையில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் நுழைவு இலவசம். வரிசை மட்டும் நீளமாக இருக்கும்.

விடுமுறை நாள்களைப் பார்க்காமல் திட்டம் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. பாரிஸ் அருங்காட்சியகங்களில் லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்குத் திங்கள். வாட்டிகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று நெரிசல் தாங்காது. ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு இணையத்தில் மட்டுமே டிக்கெட். பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக்கின் குவிமாடம் இலவசம்தான், ஆனால் எல்லோருடைய பெயரையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஸ்பெயினின் கிரனாடா நகரில் உள்ள அல்ஹம்ப்ரா கோட்டையின் நஸ்ரிட் அரண்மனைகளுக்குக் குறித்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். குழுவாகப் போவதாக இருந்தால் இந்த இடங்களுக்கெல்லாம் மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவைத் தொடங்கிவிடுங்கள்.

பணமும் பயணச்சீட்டும்

ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா) வைத்துக்கொண்டு நடுவில் லண்டன் போய்வர முடியாது; பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும், ஷெங்கனுக்குள் திரும்பி வரவும் வழி இல்லை. ப்ராகில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரின்ட், சூரிச்சில் ஃபிராங்க் என்று யூரோ இல்லாத ஊர்களும் வழியில் வரும். ஜெர்மனியின் லேண்டர் டிக்கெட்டில் ஐந்து பேர் வரை ஒரே மாநிலத்துக்குள் மலிவாகச் சுற்றலாம். ஆனால் வட்டார ரயில்களில் மட்டும்தான் செல்லும், வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான். அதை வைத்துக்கொண்டு ஐசிஇ விரைவு ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் கணக்கு. இத்தாலியில் வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். வெளியூர்க்காரர், தெரியாது என்று சொன்னால் பரிசோதகர் விட்டுவிடுவார் என்று எண்ண வேண்டாம்.

சாப்பாட்டு நேரமும் ஊருக்கு ஊர் மாறும். பிரான்ஸில் பல உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்குச் சமையலறை மூடிவிடும். ஸ்பெயினில் இரவுச் சாப்பாடே ஒன்பது மணிக்கு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு இல்லாமல் இருபது பேர் ஒரு சிறு உணவகத்துக்குள் நுழைய வேண்டாம். மூன்று பேராகப் போனால் இடமும் கிடைக்கும், பரிமாறுகிறவரோடு பேசவும் முடியும். பிரான்ஸில் எந்தக் கடைக்குள் போனாலும் 'போன்ஜூர்' சொன்ன பிறகே கேள்வி கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் இலக்கணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் மரியாதை இல்லாதவராகத்தான் தெரிவீர்கள்.

மொழிபெயர்ப்புச் செயலியை முழுவதும் தடை செய்யச் சொல்ல மாட்டேன். ஒவ்வாமை, மருந்து, காணாமல் போன பாஸ்போர்ட் போன்ற நேரங்களில் மொழிப் பயிற்சியை ஓரம் வைத்துவிட்டுத் தெரிந்த எந்த மொழியிலும் உதவி கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அவசர உதவிக்கு 112. அந்த எண்ணோடு, தங்குமிடத்தின் முகவரியையும் ஒருங்கிணைப்பாளரின் எண்ணையும் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வைத்த பிறகே மூன்று பேர் குழுக்களை வெளியே அனுப்புங்கள்.