செடித்தொட்டியில், அதாவது செடிகள் வளரும் மீன்தொட்டியில், நீரின் தன்மை மாறும்போது முதலில் எதை அளக்க வேண்டும்?

மீன்கள் சோர்ந்து கிடந்தாலும் செடிகள் வெளிறினாலும் பலரும் முதலில் அளப்பது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைத்தான். அது கூடுதலாகத் தெரிந்தால் அதைக் குறைக்கும் அமிலத் திரவத்தை ஊற்றுகிறார்கள்; நீரிலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை ஈடுகட்டிவிடுவதால், விரைவிலேயே பி.எச். பழைய இடத்துக்கு ஏறிவிடுகிறது. சற்றே உயர்ந்த, ஆனால் நிலையான பி.எச். அளவைவிட இந்த ஏற்ற இறக்கமே மீன்களை அதிகம் வதைக்கிறது. ஆகவே பி.எச்.ஸில் கை வைக்கும் முன் அந்தப் பைகார்பனேட் எவ்வளவு என்று காட்டும், கே.எச். எனப்படும் கார்பனேட் கடினத்தன்மையை அளந்துவிடுங்கள்.

சோதனைக் குழாயில் 5 மில்லிலிட்டர் தொட்டி நீரை எடுத்து, நீலம் மஞ்சளாக மாறும்வரை திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். பெரும்பாலான சோதனைப் பெட்டிகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரியைக் குறிக்கும். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 3 முதல் 6 டிகிரி வரை இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

கே.எச். குறைந்துகொண்டே போனால், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேலையில் அது செலவாகிறது என்று கொள்ளலாம். 100 லிட்டர் நீருக்கு 3 கிராம் சமையல் சோடா ஏறத்தாழ ஒரு டிகிரியை உயர்த்தும். தனிப் பாத்திரத்தில் கரைத்து, ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறாதபடி ஊற்றுங்கள். மாறாக, கே.எச். தானாக ஏறினால் அலங்காரக் கற்களைச் சந்தேகியுங்கள். உலர்ந்த கல்லில் வினிகர் விட்டு நுரை எழுந்தால் அது சுண்ணாம்புக்கல். அதை வெளியே எடுத்துவிடுவதே சரி. ஆவியாகும் நீரோடு உப்புகள் வெளியேறுவதில்லை என்பதால், அந்தக் குறையை மட்டும் ஈடுசெய்ய ஆர்.ஓ. நீரை ஊற்றுவது நல்லது.

கரியமில வாயு செலுத்தும் தொட்டியில் பி.எச். இறங்குவது இயல்பே, அப்போது கே.எச். மாறுவதில்லை. ஆகவே அந்த இறக்கத்தைச் சரிசெய்ய எதையும் ஊற்ற வேண்டாம். வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சிறு குடுவையான டிராப் செக்கரில் 4 டிகிரி கே.எச். கொண்ட தனிக்கரைசலை நிரப்பி வைக்கலாம்; அது நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சையாக இருந்தால் போதுமான அளவு, மஞ்சளானால் மிகை. இந்த நிறமாற்றம் ஓரிரு மணி நேரம் பின்தங்கியே தெரியும் என்பதால் மீன்களின் நடத்தையே முதல் சாட்சி: அவை மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் வாயுவை நிறுத்திவிட்டு, காற்றுக்குழாயைப் போட்டு நீரைக் கலக்குங்கள். கரியமில வாயு போதாவிட்டாலும் அடையாளம் உண்டு. வாலிஸ்நேரியா போன்ற செடிகள் பைகார்பனேட்டையே உறிஞ்சத் தொடங்கி, இலைமேல் சொரசொரப்பான வெள்ளைப் படிவை விட்டுவைக்கும்.

எல்லாவற்றிலும் அவசரமானது அம்மோனியா. சத்துமண் இட்ட புதுத் தொட்டியில் மண்ணே சில வாரங்கள் அம்மோனியாவை வெளியிடக்கூடும். அம்மோனியாவும், அது நைட்ரேட்டாக மாறும் வழியில் உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நின்ற பிறகே மீன்களை விட வேண்டும். 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.6 சதவீதமே நச்சு வடிவில் இருக்கும், மீதி தீங்கற்ற அம்மோனியமாக இருக்கும்; பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். நெடுநாள் கவனிக்கப்படாமல் அமிலத்தன்மை ஏறிய தொட்டியில், உயர் பி.எச். உள்ள நீரைக் கொண்டு ஒரேயடியாகப் பாதித் தொட்டியை மாற்றினால், அதுவரை தீங்கற்றுக் கிடந்த அம்மோனியம் மளமளவென்று நச்சாக மாறிவிடுகிறது. அத்தகைய தொட்டியில் நாளுக்குப் பத்து சதவீதம் என்று பொறுமையாக மாற்றுங்கள்.

நைட்ரேட் விஷயத்தில் செடித்தொட்டி வேறுபட்டது. அது லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருப்பதே விரும்பத்தக்கது. பூஜ்யமானால் பழைய இலைகள் மஞ்சளடித்து உதிரும். வெளிறுவது புதுத் தளிர்கள் என்றால் இரும்புக் குறையை எண்ணுங்கள், பி.எச். 7ஐ ஒட்டியோ மேலோ உள்ள நீரில் இ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தோடு பிணைத்துத் தரும் இரும்பு உரம் நிலைப்பதில்லை, டி.டி.பி.ஏ. வகையே நன்கு தாங்கும்.

குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் அகலும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோராமின் அகலாது. குளோரின் நீக்கும் திரவம் குளோராமினை முறிக்கும்போதும் அம்மோனியா மிஞ்சும் என்பதால், அம்மோனியாவையும் கட்டிப்போடும் வகையைத் தேர்ந்தெடுத்து, மாற்றப்போகும் நீரில் முன்கூட்டியே கலந்துவிடுங்கள்.