டாஸ்மேனியச் சாலையில் அடிபட்ட டெவிலைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவில் இருட்டிய பிறகு கார் ஓட்டுபவர்கள், அடிபட்டு இறந்த விலங்குகளைச் சாலையில் அடிக்கடி காண்பார்கள். அந்த இறைச்சியைத் தேடி வரும் டாஸ்மேனியன் டெவிலும் அடுத்து வரும் வாகனத்தில் சிக்கிக்கொள்கிறது. வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் ஊனுண்ணிகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் இதுவே பெரியது. ஒன்றையொன்று கடிக்கும்போது தொற்றும் முகப்புற்றுநோய் 1996-இல் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. அதன்பின் எண்ணிக்கை பெருமளவு சரிந்து, 2008-இல் இது அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதனால்தான் சாலையில் இறந்து கிடக்கும் ஒரு பெண் டெவிலைக் கடந்து போய்விடாதீர்கள், அதன் பையில் குட்டிகள் உயிரோடு இருக்கக்கூடும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாகனத்தைச் சாலையை விட்டு விலக்கி நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, மற்ற வாகனங்கள் வரவில்லை என்று உறுதி செய்த பின்னரே இறங்குங்கள். விலங்கிற்கு உயிர் இருந்தால் தொடக் கூடாது. எலும்பையே நொறுக்கும் தாடை அதனுடையது. சற்றுத் தள்ளி நின்றபடி, இரவும் பகலும் இயங்கும் போனோரோங் வனவிலங்கு மீட்புச் சேவையை அழைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். அதன் எண்ணைப் பயணத்திற்கு முன்பே கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஒதுக்குப்புறமான சாலைகளில் இணையம் கிடைக்காமல் போகலாம்.

இறந்தது பெண் என்றால், கையுறை அணிந்து வயிற்றுப்பையைப் பாருங்கள். அதன் வாய் பின்புறம் நோக்கித் திறந்திருக்கும். எதை எதிர்பார்க்கலாம் என்பதை மாதமே ஓரளவு சொல்லிவிடும். மார்ச் வாக்கில் இணைசேரும் டெவில், சுமார் மூன்று வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட குட்டிகளை ஈனுகிறது. அரிசி மணியளவே உள்ள அவை தாமாகவே பைக்குள் ஊர்ந்து செல்ல வேண்டும். அங்கே இருப்பவை நான்கே காம்புகள் என்பதால், முதலில் பற்றிக்கொள்ளும் நான்குக்கு மேல் பிழைப்பதில்லை. ஏறத்தாழ நூறு நாட்கள் அவை காம்பை விடாமல் பையிலேயே வளர்கின்றன. ஆகவே ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பையில் குட்டி இருக்கும் வாய்ப்பு அதிகம்; எனினும் எல்லாப் பெண்களும் ஒரே காலத்தில் ஈனுவதில்லை என்பதால், எந்த மாதமானாலும் பார்த்துவிடுவதே சரி.

காம்பைப் பற்றியிருக்கும் குட்டியை ஒருபோதும் இழுக்காதீர்கள். இழுத்தால் அதன் மென்மையான வாய் கிழிந்துவிடும். மீட்புச் சேவையினர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, தாயின் உடலோடு சேர்த்தே குட்டியைத் துணியில் சுற்றி, வெதுவெதுப்பாகவும் இருட்டாகவும் வைத்து, பயிற்சி பெற்ற பராமரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பாலோ தண்ணீரோ புகட்டக் கூடாது. குழந்தைகள் ஆவலோடு கேட்டாலும் எடுத்துக் கொஞ்சவும் கொடுக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே குட்டியைக் கொன்றுவிடக்கூடும்.

பை வெறுமையாக இருந்தும் காம்புகள் நீண்டு பால் சுரந்திருந்தால், குட்டிகள் அருகில் எங்கோ ஒரு வளையில் தாயை எதிர்பார்த்துக் கிடக்கின்றன என்று பொருள். பையை விட்டு வெளிவந்த பின்னும் பல மாதங்கள் அவை வளையில் இருந்தபடியே தாயிடம் பால் குடிக்கும். அங்கே டிசம்பரில் தொடங்கும் கோடைக்காலத்தில்தான் தனித்து வாழத் தொடங்கும். நீங்களே வளையைத் தேடிச் செல்ல வேண்டாம். இடத்தைத் துல்லியமாகக் குறித்து, பால் சுரந்திருந்ததையும் சேர்த்து உடனே மீட்புச் சேவைக்குத் தெரிவியுங்கள்.

குட்டி இல்லாத உடலையும், சாலையில் கிடக்கும் வாலபி (சிறிய கங்காரு வகை), போசம் (மரமேறும் பைவிலங்கு) போன்ற மற்ற விலங்குகளின் உடல்களையும், ஆபத்தின்றி முடியுமானால், சாலையிலிருந்து நன்கு தள்ளி இழுத்துப் போடுங்கள். அவற்றைத் தின்ன வரும் அடுத்த டெவில் அடிபடாமல் இருக்கும். அதற்கு முன், டெவிலாக இருந்தால் முகத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வாயைச் சுற்றிக் கட்டியோ புண்ணோ இருந்தால், அந்தப் படம் நோயின் பரவலைக் கண்காணிப்பவர்களுக்குப் பயன்படும். இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆயினும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். படத்தையும் இடத்தையும் தேதியையும், 2003 முதல் மாநில அரசு நடத்திவரும் டெவில் பாதுகாப்புத் திட்டத்திற்கு அனுப்பிவிட்டு, மீதிப் பயணத்தை வேகம் குறைத்துத் தொடருங்கள்.