அகாவா பே ஏரிக்கரையில் ஆர்வியை நிறுத்துவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகம் போய்விட்டதால், போன செப்டெம்பரில் நானும் இவரும் மட்டும் 24 அடி ஆர்வி ஒன்றை (கட்டில், குசினி எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடக்கே வெளிக்கிட்டோம். ரொறன்ரோவிலிருந்து சூ செயின்ற் மேரி ஏறத்தாழ 700 கிலோமீற்றர். அங்கிருந்து 17ஆம் நெடுஞ்சாலையில் இன்னும் 140 கிலோமீற்றர் போனால் சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவின் அகாவா பே முகாம். அங்கே தங்கியது ஒரேயோர் இரவு. அந்த ஓர் இரவில் பட்ட பாட்டில் பாதி, யாராவது முன்கூட்டியே ஐந்து நிமிடம் சொல்லித் தந்திருந்தால் வந்திராது.

ஆர்வி ஓட்டுவதைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒன்ராறியோவில் சாதாரண ஜி லைசென்ஸோடு 11,000 கிலோ வரையான வண்டி ஓட்டலாம். எங்களுடையது அதில் பாதிகூட இல்லை. திரும்பும்போது அகலமாகத் திருப்புங்கள், பின்னுக்கு எடுக்கும்போது ஒருவர் இறங்கி நில்லுங்கள். மிச்சம் தானாக வரும்.

1. இடம் பிடித்தல்

ஒன்ராறியோ பூங்காக்களின் தளத்தில், போகும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பு காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். யூலை, ஓகஸ்ட் வார இறுதி என்றால் ஐந்து நிமிடம் முன்னதாகவே கொம்பியூட்டர் முன்னால் குந்திவிட வேண்டும். செப்டெம்பர் வார நாட்களில் அவ்வளவு அடிபிடி இல்லை. வண்டியின் நீளத்தைக் குறைத்துப் போடாதீர்கள். மின்சாரம் உள்ள இடமாகத் தெரிவு செய்யுங்கள்.

நாங்கள் வழுக்கியது இங்கேதான். மின்சார இடம் என்றால் மின்சாரம் மட்டும்தான். அமெரிக்கத் தனியார் பார்க்குகளின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழியும் இருக்குமென்று நம்பிப் போய்விட்டோம். இங்கே இரண்டும் கிடையாது. தண்ணீர் பிடிப்பது, கழிவு விடுவது எல்லாம் முகாமுக்குப் பொதுவான சனிற்றேசன் ஸ்ரேசனில்தான்.

2. தண்ணீர்: வண்டியை நிறுத்த முன்பே

கேற்றில் பதிவைக் காட்டியதும் நேரே உங்கள் இடத்துக்குப் போகாதீர்கள். முதலில் ஸ்ரேசனுக்குப் போங்கள்.

எங்களுக்கு அதைக் கேற்றில் நின்ற பிள்ளை சொல்லித்தான் தெரியும். போனோம். வண்டியின் பக்கவாட்டில் தண்ணீருக்கு இரண்டு வாய்கள். ஒன்றில் ஹோஸைத் திருகிப் பூட்டுவதற்குப் புரி இருந்தது. மற்றது மூடி போட்ட வெறும் ஓட்டை. புரி உள்ளதில் பூட்டுவதுதானே முறை என்று இவர் பூட்டினார். நான் உள்ளே போய்க் குசினிக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஜோராக வந்தது. ஆனால் வண்டியின் தண்ணீர்த் தாங்கி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சுவர் மீற்றரை அமத்தினால் காலி என்றே காட்டியது.

"இஞ்சாருங்கோ, மீற்றர் ஏறவே இல்லை."

"மீற்றர் பழுதாக்கும். உமக்குக் குழாயில தண்ணி வருதுதானே?"

வந்ததுதான். இருபது நிமிடம் பூட்டியபடி வைத்திருந்தோம். பின்னால் இரண்டு வண்டிகள் காத்து நின்றன.

இரவு எட்டரை மணிக்கு அரிசி கழுவக் குழாயைத் திறந்தேன். ஒரு கோப்பை அளவு வந்தது, பிறகு காற்று. கட்டிலுக்குக் கீழே, தாங்கியிலிருந்து தண்ணீர் இழுக்கும் பம்ப் மட்டும் கடகடவென்று வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். புரி உள்ள வாய், குழாயோடு நிரந்தரமாகப் பூட்டி வைத்திருக்கும் இடங்களுக்கானது. 'சிட்டி வோட்டர்' என்று எழுதியிருக்கும். அதில் போகும் தண்ணீர் தாங்கிக்குப் போகாது. வெளியே உள்ள அழுத்தத்தில் நேரே உள் குழாய்களுக்கும் சுடுநீர்க் கொதிகலனுக்கும் போகும். ஹோஸைக் கழற்றினால் குழாயில் தங்கியது மட்டுமே மிச்சம். தாங்கியை நிரப்புவது அந்த மூடி போட்ட ஓட்டை. அதில் ஹோஸைப் பூட்டுவதில்லை, சும்மா உள்ளே விட வேண்டும். பார்த்தால் பெற்றோல் ஊற்றும் வாய் மாதிரி இருக்கும், அதனால்தான் நாங்கள் கிட்டவே போகவில்லை.

சரி, ஒழுங்கு இதுதான்:

குடிதண்ணீர்க் குழாய் எது என்று பலகையை வாசித்துப் பாருங்கள். கழிவுக் குழிக்குப் பக்கத்தில் கழுவுவதற்கு இன்னொரு குழாய் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். குழாயை ஒரு நிமிடம் ஓட விட்டுக் கழுவுங்கள். ஆர்விக்கென்று விற்கும் வெள்ளை ஹோஸையே பாவியுங்கள். தோட்டத்துப் பச்சை ஹோஸில் வரும் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி ரப்பர் மணக்கும். மூடியைத் திறந்து ஒரு சாண் உள்ளே விட்டு, மெதுவாகத் திறவுங்கள். வேகமாகத் திறந்தால் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீர் முகத்தில் அடிக்கும். மீற்றர் ஏறுகிறதா என்று ஒருவர் உள்ளே நின்று பாருங்கள். ஏறாவிட்டால் மீற்றரை நம்புங்கள், கணவரை அல்ல.

எவ்வளவு பிடிப்பது? ஒரு லீற்றர் ஒரு கிலோ. இருவருக்கு ஓர் இரவென்றால் அரைத் தாங்கி தாராளம். குளிப்பதற்கு முகாமின் பொதுக் குளியலறை இருக்கிறது. ஆர்விக் குளியலறையில் குளிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

3. மட்டம் பார்த்தல்

ஆர்வி பிறிட்ஜ்களில் பல வீட்டு பிறிட்ஜ் மாதிரிக் கொம்பிரசரில் ஓடுபவை அல்ல. அமோனியாவைச் சூடாக்கிக் குளிரூட்டுபவை. வண்டி சரிந்து நின்றால் உள்ளே திரவம் ஓட வேண்டியபடி ஓடாது, மீன் பழுதாகிவிடும். மட்டம் காட்டும் போன் செயலிகள் வேண்டாம், போனின் முதுகில் கமரா புடைத்து நிற்பதால் அது மட்டமாகக் கிடக்காது. கடையில் விற்கும் சின்னக் குமிழி மட்டம் ஒன்றைப் பிறிட்ஜின் தளத்தில் வையுங்கள். தாழ்ந்த பக்கச் சில்லுக்கு முன்னால் மஞ்சள் பிளாஸ்ரிக் கட்டைகளை அடுக்கி ஏற்றுங்கள், பிறகு சில்லுக்கு அடை கொடுங்கள். கட்டை இல்லையென்று விறகை வைக்காதீர்கள், பிளந்துவிடும்.

4. கரண்ட்

உங்கள் இடத்திலுள்ள மின்தூணில் பிறேக்கரை நிறுத்திவிட்டுத்தான் வண்டியின் பிளக்கைச் செருக வேண்டும், பிறகு பிறேக்கரைப் போட வேண்டும். எங்கள் தூண் 30 அம்பியர். 120 வோல்ற்றில் கணக்குப் போட்டால் மொத்தமே 3,600 வாற். கேத்தல் 1,500, ஹீற்றர் 1,500, அதோடு மைக்குறோவேவையும் போட்டால் பிறேக்கர் விழுந்துவிடும். எங்களுக்கு இரண்டு முறை விழுந்தது. ஒரு நேரத்தில் ஒன்று என்று பழகுங்கள். சோறு காஸ் அடுப்பில் வடித்தால் போதும், றைஸ் குக்கர் இடத்தைத்தான் அடைக்கும்.

இவ்வளவும் முடித்து ஏரிப்பக்கம் போக எட்டு மணிக்குக் கிட்ட ஆகிவிட்டது. முகாம் ஏரியின் கிழக்குக் கரையில் இருப்பதால் சூரியன் தண்ணீருக்குள்ளேதான் இறங்கும். மறுகரை தெரியாது, கடல் என்றே மனம் நினைக்கும். மூக்குத்தான் உப்பு மணத்தைத் தேடி ஏமாறும். இவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, பத்து எண்ணுமுன் ஏறிவிட்டார். 406 மீற்றர் ஆழமான ஏரி, கோடையிலேயே குளிர். பூங்காவுக்கு நடுவே நெடுஞ்சாலை ஓடுவதால் இரவில் லொறிச் சத்தம் கேட்கும். தண்ணீருக்குக் கிட்டவுள்ள இடத்தைப் பிடியுங்கள், அலைச் சத்தம் அதை மூடிவிடும்.

கருங்கரடிகள் உள்ள காடு. கருவாட்டுச் சட்டியை வெளியே ஊற வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். விறகும் வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டாம், பூச்சி பரவும், அங்கேயே வாங்குங்கள்.

5. கழிவு விடுதல்

பிற்பகல் 2 மணிக்குள் இடத்தை விட வேண்டும். போகும் வழியில் ஸ்ரேசன்.

கையுறை போடுங்கள். ஹோஸை வண்டியில் பூட்டி மறுமுனையைக் குழிக்குள் அழுத்தி வையுங்கள். முதலில் மலத் தாங்கியைத் திறவுங்கள். அது முடிந்து வால்வை மூடிய பிறகுதான் கழுவுநீர்த் தாங்கி. ஏன் இந்த ஒழுங்கு என்றால், பின்னால் வரும் சவர்க்காரத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். ஹோஸ் முனைக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்ரிக் முழங்கை ஒன்று விற்கிறார்கள். அருவருப்புத்தான், ஆனால் தெளிந்து வருவதைப் பார்த்துத்தானே நிறுத்த வேண்டும்? வாங்குங்கள்.

நம் சமையலுக்கு ஒரு குறிப்பு: கறிச்சட்டியை முதலில் கடதாசியால் துடைத்துவிட்டே கழுவுங்கள். தேங்காய்ப்பால் எண்ணெய் கழுவுநீர்த் தாங்கிக்குள் உறைந்து, இரண்டாம் நாளே நாற்றம் எடுக்கும். கஞ்சியையும் தொட்டிக்குள் வடிக்க வேண்டாம்.

எங்களுக்கு இந்தப் படி பிழைக்கவில்லை. ஆனால் அன்று காலை வயர் கழற்றி, கட்டை எடுத்து, திரும்பவும் ஸ்ரேசனுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வர மதியமாகிவிட்டது. பார்க்கவென்று ஆசைப்பட்ட அகாவா பாறை ஓவியங்களுக்கு அதன் பிறகே போனோம். ஒஜிப்வே மக்கள் செங்காவியால் வரைந்தவை. ஏரி அமைதியாக இருந்தால் மட்டுமே பாறையோரச் சரிவான விளிம்பில் நடந்து போய்ப் பார்க்கலாம். நாங்கள் போனபோது காற்று எழும்பி, அந்த விளிம்பை அலை நனைத்துக்கொண்டிருந்தது. இவர் ஒன்றும் பேசவில்லை. நானும் மீற்றர் கதையை எடுக்கவில்லை.

பின்னர் சேர்த்தது: இதை வாசித்த ஒருவர், தன் வண்டியில் ஒரே வாய்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். சில புதிய வண்டிகளில் அப்படித்தான். பக்கத்தில் ஒரு பிடி இருக்கும். அதைத் தாங்கி நிரப்பும் பக்கம் திருப்பிவிட்டுப் பிடியுங்கள், நிரம்பியதும் மற்றப் பக்கம்.

இன்னொன்று: சுடுநீர்க் குழாயிலும் குளிர்நீரே வருகிறது என்று இரண்டு பேர் எழுதினார்கள். மாரிக்காலத்தில் குழாய் உறையாமலிருக்கக் கொதிகலனை விலக்கித் தண்ணீரைத் திருப்பி விட்டிருப்பார்கள், வசந்தத்தில் அதை மாற்ற மறந்திருப்பார்கள். கொதிகலனின் பின்புறம், அநேகமாகக் கட்டிலுக்கோ அலுமாரிக்கோ கீழே, சின்ன வால்வு ஒன்றோ மூன்றோ இருக்கும். அவற்றைத் திருப்பிக் கொதிகலன் நிரம்பிய பிறகே சுவிற்சைப் போடுங்கள். வெறும் கொதிகலனில் கரண்டைப் போட்டால் உள்ளே கம்பி எரிந்துவிடும், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது முற்பணத்தில் பிடிப்பார்கள்.