மினி பிசியில் வைஃபை கார்டை மாற்றலாம், இன்டெல் ஏஎம்டி-யை இழக்காமல்

அலுவலகங்களில் கழித்துக்கட்டப்பட்டு செகண்ட் ஹேண்டில் வரும் மினி பிசிகளில் லெனோவோ திங்க்சென்டர் எம்920க்யூ, டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7060 மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி மூன்றும் ஒரே குடும்பம். உள்ளே இன்டெல் க்யூ370 சிப்செட், அதற்குள் தனியாக ஓடும் சிறு கணினியான மேனேஜ்மென்ட் எஞ்சினின் 12-ஆம் பதிப்பு. ஐ5-8500டி, ஐ7-8700டி போன்ற வீப்ரோ (இன்டெல்லின் அலுவலகக் கணினி வசதிகள்) ப்ராசஸர் இருந்தால் ஏஎம்டி, அதாவது இன்டெல்லின் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி, முழுதாகக் கிடைக்கும்: கணினி அணைந்திருந்தாலும் தொலைவிலிருந்து ஆன் செய்யலாம், பயாஸ் திரையைப் பார்க்கலாம், ஓஎஸ் உறைந்துபோனால் ரீசெட் செய்யலாம். ஐ5-8400டி, ஐ3-8100டி இருந்தால் இது கிடையாது. வாங்கும் முன்பே ப்ராசஸர் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இவற்றில் பழைய 8265 அல்லது 9560 கார்டு இருக்கும், இல்லையேல் காலி ஸ்லாட். வைஃபை 6-க்கு மாற்ற ஆசை வருவது இயல்பு. அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: ஏஎம்டி உங்களுக்கு கேபிள் வழியாக வேண்டுமா, வைஃபை வழியாகவா?

கேபிள் வழி ஏஎம்டி மதர்போர்டில் உள்ள ஐ219-எல்எம் லேன் சிப்பை மட்டுமே நம்பியிருக்கிறது. வைஃபை ஸ்லாட்டில் எதைச் செருகினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மீடியாடெக் கார்டு போட்டாலும் சரி, கார்டையே கழற்றிவிட்டாலும் சரி. எனவே ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுக்க முடியுமென்றால் பிடித்த கார்டை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கீழே வரும் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் உங்களைத் தொடாது. கணினியில் கூடுதல் லேன் போர்ட் ஏதும் சேர்த்திருந்தால், கேபிளை எல்எம் சிப்பின் போர்ட்டில்தான் செருக வேண்டும்.

வைஃபை வழியாகவும் ஏஎம்டி வேண்டுமென்றால் கதை வேறு. ஓஎஸ் ஓடாதபோது கார்டை இயக்குவது மேனேஜ்மென்ட் எஞ்சின். அதற்கென ஒரு தனி மைக்ரோகோட் (கார்டை இயக்கும் சிறு நிரல்) வேண்டும். அந்த மைக்ரோகோட் பயாஸ் சிப்பில், எஞ்சினின் ஃபர்ம்வேருக்குள்ளேயே, சில குறிப்பிட்ட இன்டெல் கார்டுகளுக்கு மட்டும் இருக்கும். பட்டியலில் இல்லாத கார்டு விண்டோஸில் அருமையாக ஓடும். கணினியை அணைத்ததும் செத்துப்போகும்.

எந்தக் கார்டு

க்யூ370-க்குப் பொருத்தமானது இன்டெல் ஏஎக்ஸ்200, அதிலும் வீப்ரோ வகை. இதே சிப்செட்டில் வந்த எலைட்டெஸ்க் 800 ஜி5 மினிக்கு எச்பி-யே இதைக் கொடுத்தது. இன்டெல் ஒரே கார்டை இரண்டு வகையாக விற்கிறது. மாடல் எண்ணின் கடைசியில் ‘என்வி’ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது வீப்ரோ இல்லாதது. வேகம், ஆன்டெனா, டிரைவர் எல்லாம் ஒன்றே. ஏஎம்டி மட்டும் வைஃபையில் வராது. ஆன்லைனில் டப்பாவோடு விற்பவை பல என்வி வகைதான். விற்பவரிடம் கார்டின் லேபிள் தெரியும் படம் கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பிலிருந்து கழற்றிய கார்டாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏஎக்ஸ்210 இன்னும் புதியது, விலை வித்தியாசமும் பெரிதில்லை. அதனால் பலர் அதையே வாங்குகிறார்கள். வைஃபைக்கு நல்ல கார்டுதான். ஆனால் 2020 கடைசியில் வந்த கார்டு அது. 12-ஆம் பதிப்பு எஞ்சின் அதற்கு முந்தைய தலைமுறை. இந்த மினி பிசிகளில் அதை வைத்து வைஃபை ஏஎம்டி-யைத் திட்டமிடாதீர்கள்.

ஏஎக்ஸ்201 பக்கமே போகாதீர்கள். பார்க்க ஏஎக்ஸ்200 போலவே இருக்கும், ஸ்லாட்டிலும் கச்சிதமாக உட்காரும். ஆனால் அது பாதிக் கார்டு. மீதி வேலையைச் செய்யும் பகுதி சிப்செட்டுக்குள் இருக்க வேண்டும். அது கேட்கும் சிஎன்விஐஓ2 இணைப்பு க்யூ370-ல் இல்லை, அதனால் விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியாது. ஏஎக்ஸ்211-க்கும் இதே கதி. க்யூ470 கொண்ட 10-ஆம் தலைமுறை மினியில் ஏஎக்ஸ்201 சரி. க்யூ670 கொண்ட 12-ஆம் தலைமுறையில் ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 இரண்டின் வீப்ரோ வகைகளும் சரி.

கார்டோடு இன்னும் சில சாமான்கள் தேவைப்படலாம். காலி ஸ்லாட் என்றால் கார்டில் மாட்டும் எம்எச்எஃப்4 முனையிலிருந்து ஆன்டெனாவைத் திருகும் ஆர்பி-எஸ்எம்ஏ முனைக்குப் போகும் 2 சிறு கேபிள்கள், 2 ஆன்டெனாக்கள், 3 மி.மீ. நீள எம்2 ஸ்க்ரூ ஒன்று. பழைய கார்டுகளுக்கான யூ.எஃப்எல் முனை கொஞ்சம் பெரிது, இதில் பிடிக்காது. ஆன்டெனா ஆர்பி-எஸ்எம்ஏ-வா, வெறும் எஸ்எம்ஏ-வா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் திருகினால் இறுகும், ஆனால் ஒன்றில் நடு ஊசியே தொடாது. பிறகு சிக்னல் ஏன் இவ்வளவு மோசம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

கழற்றும் முன்

பயாஸையும் மேனேஜ்மென்ட் எஞ்சின் ஃபர்ம்வேரையும் தயாரிப்பாளரின் கடைசிப் பதிப்புக்கு முதலில் ஏற்றுங்கள். கார்டுக்கான மைக்ரோகோட் இதோடுதான் வருகிறது, ஆகவே இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

அடுத்து, கேபிளில் ஏஎம்டி வேலை செய்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பூட் ஆகும்போது கண்ட்ரோல்-பி (Ctrl+P) அழுத்தினால் எம்இபிஎக்ஸ் என்ற எஞ்சினின் அமைப்புத் திரை வரும். சில மாடல்களில் எஃப்12 போன்ற பூட் மெனுவுக்குள் இருக்கும். ஆரம்பக் கடவுச்சொல் சிறிய எழுத்துகளில் ‘அட்மின்’. உடனே மாற்றச் சொல்லும். குறைந்தது 8 எழுத்துகள், அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் வேண்டும். இந்தத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பில்தான் படிக்கும். வேறு அமைப்பு வைத்திருப்பவர்கள் குறியீட்டைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். எம்இபிஎக்ஸ் வழியாகவே இயக்கினால் அட்மின் கண்ட்ரோல் மோடு கிடைக்கும். விண்டோஸுக்குள்ளிருந்து சாஃப்ட்வேர் மூலம் இயக்கினால் கிளையன்ட் கண்ட்ரோல் மோடுதான்: ஒவ்வொரு முறை திரையைப் பார்க்கும்போதும் அங்கே தோன்றும் 6 இலக்க எண்ணை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் உள்ள கணினிக்கு அதனால் பயனில்லை.

இப்போது இன்னொரு கணினியின் பிரவுசரில் இதன் ஐபி முகவரியை அடித்து, அதன் பின் முக்காற்புள்ளியும் 16992 என்ற போர்ட் எண்ணும் இடுங்கள். ஏஎம்டி பக்கம் வர வேண்டும். அதே கணினியிலிருந்து அதன் ஐபி-யை அடித்துப் பார்த்து ‘வரவில்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். வெளியிலிருந்து வரும் கோரிக்கையைத்தான் எஞ்சின் லேன் சிப்பிலேயே பிடித்துக்கொள்கிறது.

மாற்றும் வேலை

கணினியை ஷட் டவுன் செய்தால் போதாது. அணைந்த கணினியிலும் மேனேஜ்மென்ட் எஞ்சின் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் விழித்தே இருக்கிறது. பவர் அடாப்டரைப் பிடுங்கி 30 வினாடியாவது விடுங்கள், போர்டில் எல்இடி எரிந்தால் அது அணையும் வரை காத்திருங்கள். சிமாஸ் பேட்டரியைத் தொடாதீர்கள். சில போர்டுகளில் அதைக் கழற்றினால் ஏஎம்டி அமைப்புகள் எல்லாம் அழிந்து, எம்இபிஎக்ஸ்-ல் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கார்டு சில மாடல்களில் மூடியைத் திறந்ததும் தெரியும், சிலவற்றில் ஹார்டு டிஸ்க் தட்டுக்கு அடியில் இருக்கும். ஆன்டெனா முனைகளை நேர் மேலே தூக்கிக் கழற்றுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் கார்டில் உள்ள வளையமே பெயர்ந்துவிடும். எந்த கேபிள் எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கார்டைச் சாய்வாகச் செருகி, அழுத்தி, ஸ்க்ரூ போடுங்கள். முனையைச் சரியான இடத்தில் வைத்து விரல் நுனியால் நேராக அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். உட்காராவிட்டால் பலம் காட்டாமல் இடத்தைச் சரிசெய்யுங்கள். இந்த எம்எச்எஃப்4 முனைகள் சுமார் 30 முறை மாட்டிக் கழற்றவே வடிவமைக்கப்பட்டவை, பழகிப் பார்க்க ஏற்றவை அல்ல.

ஏஎம்டி-க்கு வைஃபையை அறிமுகப்படுத்துவது

விண்டோஸில் வைஃபை டிரைவர், புளூடூத் டிரைவர், மேனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவர், அதோடு வரும் எல்எம்எஸ் சர்வீஸ் (விண்டோஸுக்கும் எஞ்சினுக்கும் இடையே பேசுவது) நான்கையும் நிறுவுங்கள். பிறகு கேபிளைச் செருகியபடியே 16992 பக்கத்துக்குப் போய் இடப்பக்க மெனுவைப் பாருங்கள். ‘வயர்லெஸ் செட்டிங்ஸ்’ இருந்தால் எஞ்சின் கார்டை ஏற்றுக்கொண்டுவிட்டது. இல்லையென்றால் என்வி கார்டு, பழைய ஃபர்ம்வேர், பொருந்தாத கார்டு, இந்த மூன்றில் ஒன்று. வேறு எதையும் நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அந்தப் பக்கத்தில் வைஃபை நிலையை ‘எஸ்0, எஸ்எக்ஸ்/ஏசி’ என்று வையுங்கள், அதாவது கணினி ஓடும்போதும், மின்சாரத்தில் செருகியபடி அணைந்திருக்கும்போதும். எஸ்0 மட்டும் வைத்தால் கணினி ஓடும்போது மட்டுமே வேலை செய்யும், அணைந்த பின் எழுப்ப முடியாது. பிறகு உங்கள் நெட்வொர்க்கின் பெயர், டபிள்யூபிஏ2, ஏஇஎஸ், கடவுச்சொல் கொடுத்து ஒரு ப்ரொஃபைல் சேமியுங்கள். ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2 ப்ரொஃபைல் இணையாது. இரண்டும் கலந்த மோடுக்கு மாற்றுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸில் தனி நெட்வொர்க் ஒன்று வையுங்கள். கெஸ்ட் நெட்வொர்க் வேண்டாம். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி ரவுட்டர் தடுத்துவைத்திருக்கும்.

வைஃபையில் ஏஎம்டி-க்கு நிலையான ஐபி கொடுக்க முடியாது, ரவுட்டரே முகவரி தரும் டிஎச்சிபி மட்டுமே. ரவுட்டரில் முகவரியை ஒதுக்கிவிடுங்கள். புதிய கார்டுக்குப் புதிய மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) என்பதால் பழைய ஒதுக்கீடு செல்லாது. விண்டோஸில் ‘ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ்’ அணைந்திருக்கட்டும். விண்டோஸும் எஞ்சினும் ஒரே மேக், ஒரே ஐபி-யைப் பகிர வேண்டும். விண்டோஸ் பொய் முகவரி காட்டினால் கணினி அணைந்ததும் ஐபி மாறிப்போகும்.

அணைந்த கணினி பதில் சொல்லாததற்குப் பெரும்பாலும் பயாஸில் உள்ள மின் சேமிப்புதான் காரணம். டெல்லில் ‘டீப் ஸ்லீப் கண்ட்ரோல்’, எச்பி-யில் ‘எஸ்5 மேக்சிமம் பவர் சேவிங்ஸ்’, லெனோவோவில் ‘என்ஹான்ஸ்டு பவர் சேவிங் மோடு’. மூன்றும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தையே வெட்டுபவை, அணைத்து வையுங்கள். இனி கேபிளைக் கழற்றி, கணினியை ஷட் டவுன் செய்து, ஒரு நிமிடம் விட்டு, வேறு கணினியிலிருந்து 16992 பக்கத்தைத் திறந்து, அங்கிருந்தே ஆன் செய்து பாருங்கள்.

பக்கம் வருகிறது, ஆனால் தொலைத்திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதென்றால் மானிட்டர் இணைக்கப்படவில்லை என்று அர்த்தம். எதுவும் செருகாதபோது உள்ளமைந்த கிராபிக்ஸ் படம் உருவாக்குவதில்லை. ஒரு டம்மி எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் பிளக் வாங்கிச் செருகுங்கள்.

லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு

ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் லினக்ஸ் அமைப்பான ப்ராக்ஸ்மாக்ஸ் போடத்தான் பலர் இந்த மினிகளை வாங்குகிறார்கள். அவர்களுக்கு எங்கள் பரிந்துரை: ஏஎம்டி-யை கேபிளிலேயே வையுங்கள். கார்டை எஞ்சினோடு பகிர்ந்துகொள்ள ஐடபிள்யூஎல்எம்இஐ என்ற மாட்யூல் 5.17 கெர்னலில் வந்தது. அதே 2022-லேயே அதை உடைந்தது என்று குறித்துவிட்டார்கள், வழக்கமான கெர்னல்களில் அது கிடைக்காது. வைஃபை ஏஎம்டி இயங்கிக்கொண்டிருக்கும்போது லினக்ஸ் ஏற்றினால், ரேடியோ ஹார்டுவேர் அளவிலேயே பூட்டப்பட்டதாக ஆர்எஃப்கில் என்ற லினக்ஸ் கட்டளை காட்டலாம். கார்டு பழுதாகவில்லை, அதன் உரிமை எஞ்சினிடம் இருக்கிறது, அவ்வளவுதான். கேபிள் வழியாக ஏஎம்டி பக்கத்துக்குப் போய் வைஃபை நிலையை ‘டிசேபிள்டு’ ஆக்கி, அடாப்டரை ஒருமுறை பிடுங்கிச் செருகினால் கார்டு லினக்ஸுக்குத் திரும்பிவிடும்.