யூகே ஸ்டேட் பென்சன்: விடுபட்ட வருசங்களுக்குக் காசு கட்ட முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

என்ர சித்திக்கு இப்ப 65 வயசு. 2003 இல லண்டனுக்கு வந்தவ, வந்த நாளில இருந்து சும்மா இருந்ததில்லை. விடியக்காலமை நாலு மணிக்கு எழும்பி ஒஃபீஸ் கிளீனிங், பின்னேரம் ஒரு கடையில ரில்லில நிக்கிறது, பிறகு மகளுக்குப் பிள்ளை கிடைக்க வேலையை விட்டிட்டுப் பேரனைப் பாத்தது. அப்பிடிப்பட்ட மனுசியின்ர நாசனல் இன்சூரன்ஸ் (பென்சன் மாதிரி உதவியளுக்காகச் சம்பளத்தில கழிக்கிற காசு) ரெக்கோர்டை ஒருநாள் குசினி மேசையில லப்டொப்பை வைச்சுத் திறந்து பாத்தால், முழு வருசம் எண்டு இருந்தது ஏழே ஏழு. மற்றதெல்லாத்துக்கும் நேர "இயர் இஸ் நொட் ஃபுல்" எண்டு கிடக்குது. 10 வருசத்துக்குக் குறைவெண்டால், அரசாங்கம் குடுக்கிற இந்த ஸ்டேட் பென்சன் ஒரு சதமும் வராது. சித்தி கொஞ்ச நேரம் திரையைப் பாத்துக்கொண்டிருந்திட்டு, "அப்ப நான் இவ்வளவு காலமும் செய்தது வேலை இல்லையோ" எண்டு கேட்டா. அண்டைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

எங்கட வீடுகளில இப்பிடிக் கன அம்மாமார் இருக்கினம், அதாலதான் நாங்கள் பாத்துப் பாத்துச் செய்ததை ஒழுங்கா எழுதி வைக்கிறன். இதில இருக்கிற கணக்கெல்லாம் 2025/26 வரி வருசத்துக்கு. ஒவ்வொரு ஏப்ரலும் தொகை மாறும், ஆனால் கணக்குப் போடுற முறை அதேதான்.

முதல்ல அடிப்படை. 2016 ஏப்ரல் 6 இல இருந்து பென்சன் வயசுக்கு வந்த, வரப்போற ஆக்களுக்குப் புது ஸ்டேட் பென்சன். முழுசாக் கிடைச்சால் கிழமைக்கு 230.25 பவுண்ஸ். அதுக்குப் பொதுவா 35 முழு வருசம் வேணும், ஆகக் குறைஞ்சது 10. ஒரு வருசம் எண்டது 35 இல ஒரு பங்கு, அதாவது கிழமைக்கு ஏறத்தாழ 6.58, வருசத்துக்கு 342 பவுண்ஸ் அளவில, அதுவும் சாகும்வரைக்கும். விடுபட்ட ஒரு முழு வருசத்தை நீங்களா விரும்பிக் கட்டுறதுக்குப் பேர் கிளாஸ் 3, கிழமைக்கு 17.75, வருசத்துக்கு 923 பவுண்ஸ். 923 ஐக் கட்டி வருசம் 342 எடுத்தால் மூண்டு வருசத்துக்குள்ள போட்ட காசு திரும்பி வந்திடும், பென்சனுக்கு வரி கட்டுற ஆள் எண்டால் மூண்டரை வருசம் மட்டில போகும். இவ்வளவு நல்ல கணக்கு வேற எந்தச் சேமிப்பிலயும் கிடைக்காது எண்டுதான் நான் நினைக்கிறன்.

ஒன்பது வருசத்தோட நிக்கிற ஆக்கள் இருக்கினம் பாருங்கோ, அவைக்கு இது இன்னும் பெரிய விசயம். ஒன்பதில பூச்சியம், பத்தில கிழமைக்கு 65.79, வருசத்துக்கு 3,400 பவுண்ஸுக்கு மேல. ஒரே ஒரு வருசம் கட்டினதுக்கு அவ்வளவு!

ஆனால் உடன பாங்க் காட்டை எடுத்துக் கட்டிப் போடாதேங்கோ. காசு கட்டாமலே வருசம் கூட்டுற வழி முதல்ல இருக்கு. ஒருக்காக் கட்டின காசைத் திருப்பி எடுக்கிறது லேசில்லை, அதால இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கோ.

பேரப்பிள்ளையைப் பாக்கிற அம்மம்மா, அப்பம்மா, அம்மப்பா, ஏன் மாமி சித்திமாருக்கும் கிரெடிட், அதாவது காசு கட்டாமலே ரெக்கோர்டில ஏறுற வருசம், இருக்கு. பிள்ளைக்கு 12 வயசுக்குக் குறைவா இருக்கோணும், பாக்கிறவை பென்சன் வயசுக்கு வராதவையா இருக்கோணும், பிள்ளையின்ர தாயோ தகப்பனோ வேலை செய்துகொண்டு சைல்ட் பெனிபிட் (பிள்ளை வளர்க்க அரசாங்கம் குடுக்கிற காசு) எடுக்கிறவையா இருக்கோணும். சைல்ட் பெனிபிட் எடுக்கிறவைக்கு ஒரு கிரெடிட் தானா வரும், ஆனால் அவை வேலை செய்து ஏற்கெனவே அந்த வருசத்தை நிரப்பியிருந்தால் அது அவைக்குத் தேவைப்படாது, அதைத்தான் பாட்டிக்கு மாத்திவிடுறது. 2011 ஏப்ரல் வரைக்கும் பின்னுக்குப் போய்க் கேக்கலாம். போம் சிஏ 9176, சைல்ட் பெனிபிட் எடுக்கிற தாயோ தகப்பனோவும் கையெழுத்து வைக்கோணும். ரெண்டு விசயம் கவனம்: ஒரு சைல்ட் பெனிபிட் கிளெய்முக்கு ஒரு கிரெடிட்தான், ரெண்டு பேரப்பிள்ளை எண்டால் ரெண்டு மடங்கு எண்டில்லை. மற்றது, ஒரு வரி வருசம் முடிஞ்ச பிறகு வாற ஒக்டோபர் 31 தாண்டித்தான் அந்த வருசத்துக்கு அப்ளை பண்ணலாம். சித்தி 2021 இல இருந்து பேரனைப் பாக்கிறா. 2021/22 இல இருந்து 2024/25 வரைக்கும் நாலு வருசம், ஒரு சதம் கட்டாமல் ஏறிச்சு. ஏழு பதினொண்டாச்சு. பூச்சியமா இருந்தது கிழமைக்கு 72.36 ஆச்சு. மகள் அந்தப் போமில கையெழுத்து வைக்கேக்க "அம்மா, இதை நான் முதல்லயே செய்திருக்கோணும்" எண்டு அழுதிட்டாள். அவளில பிழை இல்லை, ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

அடுத்தது சைல்ட் பெனிபிட் யாற்ற பேரில இருக்கு எண்டு பாருங்கோ. எங்கட ஆக்கள் பாங்க் எக்கவுண்ட் அவற்ற பேரில இருக்குது எண்டு சொல்லிப் புருசன்ர பேரில எடுத்து வைச்சிருப்பினம். 12 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குச் சைல்ட் பெனிபிட் எடுக்கிற ஆளுக்குத்தான் கிரெடிட் வாறது. வேலைக்குப் போற மனுசனுக்கு அது தேவையில்லை, வீட்டில இருக்கிற மனிசிக்குத்தான் தேவை. அப்பிடி இருந்தால் கிரெடிட்டை மனிசியின்ர பேருக்கு மாத்தக் கேக்கலாம். 2013 ஜனவரியில கூடின சம்பளக்காரருக்குச் சைல்ட் பெனிபிட்டில வரி வந்த பிறகு "எங்களுக்கு வேண்டாம்" எண்டு விட்ட குடும்பங்களும் இருக்கு. காசு வேண்டாம் எண்டாலும் போமை நிரப்பிப் பதிஞ்சு வைக்கோணும், அப்பத்தான் கிரெடிட் வரும்.

2000 ஆம் ஆண்டுக்கு முதல் பிள்ளை வளர்த்த அம்மாமார் இன்னொண்டையும் பாக்கோணும். 1978 இல இருந்து 2010 வரைக்கும் பிள்ளை வளர்க்கிற ஆக்களின்ர பென்சனைப் பாதுகாக்க ஹோம் ரெஸ்பொன்சிபிலிட்டீஸ் புரொட்டெக்சன் எண்டு ஒரு திட்டம் இருந்தது. 2000 மே மாசத்துக்கு முதல் சைல்ட் பெனிபிட் எடுத்த கன பேற்ற போமில நாசனல் இன்சூரன்ஸ் நம்பர் போடேல்லை, அதால அந்த வருசங்கள் ரெக்கோர்டில ஏறாமல் விடுபட்டுக் கிடக்கு. சிஎஃப் 411 எண்ட போமில கேட்டு எடுக்கலாம், ஏற்கெனவே பென்சன் எடுக்கிற ஆக்களும் கேக்கலாம். அதோட, வருத்தக்காரரைக் கிழமைக்கு 20 மணித்தியாலம் பாக்கிற ஆக்களுக்குக் கேரர்ஸ் கிரெடிட் எண்டு தனியா இருக்கு.

இதெல்லாம் முடிச்ச பிறகுதான் காசுக் கதை.

கவ் டொட் யூகேக்குப் போய் ஸ்டேட் பென்சன் ஃபோர்காஸ்ட் எண்டு தேடி லொகின் பண்ணுங்கோ, எச்எம்ஆர்சி (வரித் திணைக்களம்) அப்பிலயும் பாக்கலாம். கொட்டை எழுத்தில ஒரு தொகை நிக்கும், அதைப் பாத்து "எனக்கு முழுசும் வருது" எண்டு மூடி வைச்சிடாதேங்கோ, ஏனெண்டால் அது நீங்கள் பென்சன் வயசு மட்டும் தொடர்ந்து வேலை செய்வியள் எண்டு நினைச்சுப் போட்ட கணக்கு. அதுக்குக் கீழ போங்கோ, கடைசியாக் கணக்கு ஏறின ஏப்ரல் 5 வரைக்கும் இருக்கிற வருசங்களுக்கு எவ்வளவு வரும் எண்டு வேற ஒரு தொகை இருக்கும். அந்த ரெண்டுக்கும் இடையில இருக்கிறதுதான் நீங்கள் நிரப்ப வேண்டியது. 48 வயசில 20 வருசம் ஏறியிருக்கு, இன்னும் 19 வருசம் வேலை செய்யப் போறியள் எண்டால் 35 தானா வந்திடும், இப்ப 923 கட்டுறது வீண். 62 வயசில வேலையை விட்டிட்டியள், 28 வருசந்தான் இருக்கு எண்டால் அது வேற கதை.

பிறகு நாசனல் இன்சூரன்ஸ் ரெக்கோர்டைத் திறந்து விடுபட்ட வருசங்களை ஒவ்வொண்டா அமத்திப் பாருங்கோ. சில வருசம் ஏழெட்டுக் கிழமைதான் குறைஞ்சிருக்கும், அதுக்கு நூறு நூற்றைம்பது பவுண்ஸ்தான் கேக்கும், ஆனால் கிடைக்கிறது முழு வருசம். அதைத்தான் முதல்ல கட்டோணும். பின்னுக்கு ஆறு வருசம் வரைக்குந்தான் கட்டலாம், ஒவ்வொரு ஏப்ரல் 5 உம் ஒரு வருசம் கை நழுவிப் போகும். 2019/20 க்கு 2026 ஏப்ரல் 5 கடைசி நாள், 2020/21 க்கு 2027 ஏப்ரல் 5. 2006 வரைக்கும் பின்னுக்குப் போகலாம் எண்டு கொஞ்சக் காலம் விட்டிருந்தவை, அது 2025 ஏப்ரல் 5 ஓட முடிஞ்சுது. இன்னும் ஆராவது "பழசெல்லாம் கட்டலாம், என்னட்டக் காசைத் தாங்கோ" எண்டு சொன்னால் நம்பாதேங்கோ.

சித்தியின்ர ரெக்கோர்டில 2019/20 உம் 2020/21 உம் ஏன் விடுபட்டுது எண்டு தேடிப் பாத்தன். ரெண்டு வேலை செய்தவதான், ஆனால் ரெண்டும் சின்னச் சின்ன மணித்தியாலம். ஒரு வேலையில சம்பளம் ஒரு எல்லையைத் தாண்டினால்தான் கணக்கில வரும், 2025/26 இல அது கிழமைக்கு 125 பவுண்ஸ். கிளீனிங்கில 100, கடையில 90 எண்டால் ரெண்டையும் கூட்டிப் பாக்க மாட்டினம், ரெண்டும் தனித்தனியா எல்லைக்குக் கீழ, வருசம் போச்சு. இப்ப இப்பிடி வேலை செய்யிற ஆக்கள், ஏலுமெண்டால் ஒரு இடத்தில கூட மணித்தியாலம் கேட்டு வாங்குங்கோ.

காசு கட்ட முதல் கட்டாயம் ஒரு கோல் அடியுங்கோ. பென்சன் வயசுக்கு வராத ஆக்கள் பியூச்சர் பென்சன் சென்ரருக்கு, வந்த ஆக்கள் பென்சன் சேர்விசுக்கு. கேள்வியைச் சுத்தி வளைக்காமல் கேளுங்கோ: "இந்த இந்த வருசத்தைக் கட்டினால் என்ர பென்சன் கிழமைக்கு எவ்வளவு கூடும்?" ஒவ்வொரு வருசத்துக்கும் தனித்தனியாக் கேட்டு எழுதி வையுங்கோ. இங்கிலிஷ் கஷ்டம் எண்டால் தமிழ் இன்ரர்பிரிட்டர் வேணும் எண்டு கேளுங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்லை. 2016 க்கு முதல் கொம்பனிப் பென்சன் அல்லது கவுன்சில், என்எச்எஸ் பென்சனில இருந்த ஆக்களுக்குக் கொன்ராக்டட் அவுட் (வேலைப் பென்சன் இருந்ததால நாசனல் இன்சூரன்ஸைக் குறைச்சுக் கட்டினது) எண்டு ஒரு சிக்கல் இருக்கலாம், அவைக்கு 35 வருசம் இருந்தாலும் முழுப் பென்சன் வராமல் இருக்கலாம், சிலருக்கு 40 வருசம் வேண்டி வரும். அதால 35 எண்ட இலக்கத்தை மட்டும் பாத்து முடிவெடுக்காதேங்கோ.

பென்சன் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச வயசான ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற உதவிக் காசு, மேல சொன்ன கிரெடிட் இல்லை) எடுக்கப் போற ஆக்கள் இன்னும் கவனம். தனி ஆளுக்குக் கிழமைக்கு 227.10 வரைக்கும், சோடிக்கு 346.60 வரைக்கும் அது நிரப்பும். வேற வருமானமே இல்லாத ஆள் கஷ்டப்பட்டு 2,000 பவுண்ஸ் கட்டிப் பென்சனைக் கூட்டினால், அந்தளவுக்குப் பென்சன் கிரெடிட் குறையும், கையில மிஞ்சுறது ஒண்டுமில்லை. எங்கட சித்தப்பாவுக்கு முழு ஸ்டேட் பென்சனும் வேலைப் பென்சனும் இருக்கு, ரெண்டு பேரையும் சேர்த்தால் எல்லையைத் தாண்டுது, அதால சித்தி கட்டினது பிரயோசனம். கடும் வருத்தத்தோட இருக்கிற ஆக்களும் யோசிக்கோணும், இந்தக் காசு பிள்ளையளுக்கோ மனிசிக்கோ திரும்பிப் போகாது. "புருசன்ர பென்சனில எனக்கும் பங்கு வரும்தானே" எண்டு இருக்கிற அம்மாமாருக்கும் சொல்லுறன், புதுப் பென்சனில பெரும்பாலும் அப்பிடி இல்லை, அவரவற்ற ரெக்கோர்ட்தான்.

சொந்தமா வேலை செய்யிற ஆக்கள், வீட்டில சமைச்சு ஓடருக்குக் குடுக்கிறவை, தையல், மினிகேப், ரியூசன் எல்லாரும் கிளாஸ் 3 பக்கம் போக முதல் கிளாஸ் 2 எண்ட, சொந்தத் தொழில்காரருக்கான நாசனல் இன்சூரன்ஸைப் பாருங்கோ. வருச லாபம் 6,845 பவுண்ஸ் தாண்டினால் ஒண்டும் கட்டாமலே வருசம் ஏறும், வரி ரிட்டேர்ன் மட்டும் ஒழுங்காப் போட்டிருக்கோணும். அதுக்குக் கீழ எண்டால் கிழமைக்கு 3.50, முழு வருசத்துக்கு 182 பவுண்ஸ். 923 எங்க, 182 எங்க! கணக்கில காட்டாமல் கைக்காசுக்குச் செய்யிற ஆக்களுக்கு இதுதான் இழப்பு.

முதல் ஜேர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து, சுவிஸில வேலை செய்திட்டு இஞ்ச வந்த ஆக்கள் கனபேர். அந்த வருசங்களைப் பத்து வருச எல்லையைத் தாண்டுறதுக்குச் சேர்த்துப் பாக்கலாம், பென்சன் தொகை மட்டும் இஞ்சத்தை வருசங்களுக்குத்தான் வரும். திரும்பி ஊருக்குப் போற யோசினை இருந்தால் இதையும் தெரிஞ்சு வையுங்கோ: இலங்கையிலயும் இந்தியாவிலயும் இருக்கிற ஆக்களுக்கு ஒவ்வொரு ஏப்ரலும் கூடுற தொகை கூடாது, போன நேரம் இருந்த தொகையிலயே நிக்கும். கனடா, ஒஸ்ரேலியாவும் அப்பிடித்தான். வெளிநாட்டில இருந்துகொண்டு மலிவா கிளாஸ் 2 கட்டுற வழியையும் 2026 ஏப்ரல் 6 ஓட நிப்பாட்டுறதா 2025 நவம்பர் பட்ஜெட்டில சொல்லிப் போட்டினம்.

இனிக் கட்டுறது. ஒன்லைனில அந்தந்த வருசத்தைத் தெரிவு செய்து அங்கேயே கட்டலாம். பாங்க் மூலம் அனுப்புறியள் எண்டால் எச்எம்ஆர்சியிட்ட 18 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் எடுங்கோ, அது இல்லாமல் அனுப்பின காசு எங்க போய் நிக்குதெண்டு தேடித் திரிய வேண்டி வரும். எந்த வருசத்துக்கு எண்டு சொல்லித்தான் கட்டோணும். கட்ட முதல் ரெக்கோர்டை ஒரு படம், கட்டின ரிசீற்றை ஒரு படம் எடுத்து வையுங்கோ. ரெக்கோர்ட் உடன மாறாது, கிழமைக்கணக்கில எடுக்கும், மாறினதைக் கண்ணால பாக்கிற வரைக்கும் விடாதேங்கோ.

சித்திக்கு ரெண்டு வருசம் கட்டினம், 1,846 பவுண்ஸ், பிள்ளையள் மூண்டு பேரும் பிரிச்சுப் போட்டினம். பதினொண்டு பதின்மூண்டாச்சு, கிழமைக்கு 85.52. பென்சன் தானா வராது, கிளெய்ம் பண்ணோணும், வயசுக்குக் கிட்ட வரேக்க கடிதம் வரும். சித்தி இப்ப ஒவ்வொரு நாளும் தபாற்காரன் போன பிறகு கதவடியைப் போய்ப் பாக்கிறா.